கோடை கடைசியில் கொடுவா: புசா ரோட்டிலிருந்து சில பயனுள்ள குறிப்புகள்

மே மாதப் பாதியில் தில்லிப் பள்ளிகள் மூடினால் ஜூன் கடைசி வரை லீவு. புசா ரோடு, கரோல் பாக் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அப்போது ஊரில்தான் இருக்கும். கத்திரி முடிந்து, மழை இன்னும் பிடிக்காத அந்த ஜூன் வாரங்களில் சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் கொடுவாவுக்குத் தூண்டில் போடலாம். அமெரிக்க ஏரிகளில் கோடை கடைசியில் பாஸ் மீனுக்குப் பார்க்கிற வெயில், நிழல், லூர் கணக்கெல்லாம் கொடுவாவுக்கும் அப்படியே பொருந்தும். இதுவும் பதுங்கிக் கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் ஒரே வாயில் இழுத்துக் கொள்கிற ரகம். ராடு பிடிக்கவும் முடிச்சுப் போடவும் உங்களுக்குத் தெரியும், நண்பர்களே. காசும் நேரமும் மிச்சமாகிற வழிகளை மட்டும் சொல்கிறேன்.

1. லூர் பெட்டியை நிரப்ப வேண்டாம். ஒரு பாப்பர், ஒரு மிதக்கும் மின்னோ, மீன் வால் ரப்பர் ஒரு பாக்கெட், இறால் ரப்பர் ஒரு பாக்கெட், இவ்வளவு போதும். 1932 ஜூன் 2-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள பாஸ் பிடித்தார். அவருக்கும் கூட வந்த நண்பருக்கும் சேர்த்துக் கையில் இருந்தது ஒரே ஒரு லூர்தான் என்று சொல்வார்கள். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் இன்னொருவர் சமன் செய்கிற வரை, 77 வருஷம் அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. பெர்ரி அந்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

2. ரப்பர் லூர்களைத் தில்லி வெயிலில் பரணில் போடாதீர்கள், இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பீரோவின் அடித்தட்டில், வாங்கின பாக்கெட்டிலேயே வையுங்கள். கெட்டிப் பிளாஸ்டிக் லூர் இருக்கிற டப்பாவில் இதைச் சேர்த்து வைத்தால் அந்த லூரையும் அரித்து வீணாக்கிவிடும். சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் போட்டால் வெள்ளை, ரோஸாகிவிடும்.

3. மலிவு லூரில் வருகிற மூன்று முனை முள் மெல்லிசாக இருக்கும், கொடுவா தலையை உதறினால் நிமிர்ந்துவிடும். லூரை மாற்ற வேண்டாம், முள்ளை மட்டும் கெட்டியானதாக மாற்றினால் போதும். மாற்றும்போது முள்ளின் பின்னோக்கிய பல்லைக் குறட்டால் அழுத்தி மடக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, கூட வருகிற குழந்தைகளின் விரலுக்கும் நல்லது.

4. முள் மாட்டியிருக்கிற இரட்டைச் சுற்று வளையத்தை நகத்தால் பிரிக்கப் பார்த்தால் நகம்தான் போகும். ஸ்டேப்ளர் பின் பிடுங்குகிற சின்னக் கருவியின் பல்லை நடுவில் கொடுங்கள், வளையம் தானே வாயைத் திறக்கும். ஸ்டேஷனரிக் கடையில் அற்ப விலைக்குக் கிடைக்கிற சாமான், இதற்கென்று தனி குறடு வாங்குகிற செலவு மிச்சம்.

5. முள் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மொட்டை, குத்தி நின்றால் சரி. நகம் தேய்க்கிற அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் பழைய முள்ளும் புதுசாகிவிடும்.

6. அறுந்துபோன ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் அடியை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, கட்டி வைத்த லீடர் நரம்புகளைச் சுற்றி, முள்ளை ரப்பரிலேயே குத்தி வையுங்கள். கரையில் நின்று சிக்கல் எடுக்கிற நேரம் மொத்தமும் மிச்சம்.

7. பின்னல் நரம்பு விலை அதிகம். ரீலின் அடியில் பாதிக்குப் பழைய நைலான் நரம்பைச் சுற்றி, அதன் மேல் பின்னல் நரம்பைச் சுற்றினால் பாதி நீளம் வாங்கினால் போதும். ஒரு வருஷம் கழித்து மேல் பக்கம் வெளுத்து நார் நாராகும்போது, நரம்பைக் கழற்றித் தலைகீழாகச் சுற்றுங்கள். உள்ளே இருந்த புது நரம்பு வெளியே வந்துவிடும்.

8. ரயிலில் ராடு கொண்டுபோக உறை வாங்க வேண்டாம். பிளம்பர் கடையில் இரண்டரை அங்குலக் குழாயை ராடு அளவுக்கு வெட்டி வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ளே பழைய துண்டைச் சுற்றிச் செருகினால் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிடலாம், யார் மிதித்தாலும் கவலை இல்லை. விமானத்தில் போகிறவர்கள் முள், குறடு எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்.

9. ஓரம் தேய்ந்த எவர்சில்வர் ஸ்பூனின் காம்பை வெட்டிவிட்டு, இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, ஒரு பக்கம் வளையம், மறு பக்கம் முள் மாட்டினால் ஸ்பூன் லூர் தயார். 1852-லேயே அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். கொடுவாவுக்கு மெதுவாக ஆடி இறங்குகிற ஸ்பூன்தான் வேண்டும், அதனால் ரொம்பக் கனமான ஸ்பூனைத் தொடாதீர்கள்.

10. சாயம் உரிந்த மின்னோவைத் தூக்கிப் போடுமுன், சாக்லேட் சுற்றி வருகிற வெள்ளித் தாளை ஒட்டி, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட் அடித்துப் பாருங்கள். பின்லாந்தில் லாரி ராபலா 1936-ல் தக்கையைச் செதுக்கித் தன் முதல் லூரைச் செய்தபோது அவரும் சாக்லேட் தாளைத்தான் சுற்றினார், அதன் மேல் உருக்கின ஃபோட்டோ நெகட்டிவைப் பூசினார். இன்றைக்கு உலகமெல்லாம் விற்கிற லூர் கம்பெனி அந்த ஏழை மீனவர் வீட்டு வேலைதான்.

11. சாந்தினி சௌக் கினாரி பஜாரில் பாவாடைக்கு ஜரிகை வாங்கப் போனால், நறுக்கின துண்டுகளையும் கேட்டு வாங்கி வாருங்கள். ஈயத் தலை வைத்த முள்ளின் கழுத்தில் வெள்ளி இழைகளைத் தைக்கிற நூலால் இறுக்கிக் கட்டி, ஒரு சொட்டு பசை விட்டால் மடவைக் குஞ்சு மாதிரியே மினுக்கும்.

12. ஊருக்குப் போகுமுன் ஒரு வாரம் மொட்டை மாடியில் வீசிப் பழகுங்கள். முள் இல்லாமல் ஒரு நட்டு மட்டும் கட்டி, எதிர்ச் சுவர் ஓரம் வைத்த பக்கெட்டுக்குள் விழ வையுங்கள். ஏரியில் தூரமாக வீசுவதைவிடப் பாலத்தூண் பக்கத்தில் ஒரு முழத்துக்குள் போடுவதுதான் மீன் தரும்.

13. வெயில் கண்ணாடி போலரைஸ்டு என்று சொல்லி விற்றால், அதன் வழியாக மொபைல் திரையைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டால் அது உண்மையான சரக்கு. தண்ணீரின் கூச்சம் அடங்கி, மேலே ஓடுகிற குஞ்சு மீன்கள் கண்ணுக்குத் தெரியும்.

14. நாள் பார்க்கச் சமையலறைச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்களில் ஏற்ற வற்றம் பெரிசு, நீரோட்டம் நன்றாக இருக்கும். அஷ்டமி, நவமி கழிந்த ஓரிரு நாள் தண்ணீர் மந்தம். ஒரு நாள் ஏற்றம் எந்த நேரம் என்று தெரிந்துவிட்டால் மறுநாளைக்குச் சுமார் 50 நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள்.

15. பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். முதல் வண்டியைப் பிடித்தாலும் போய்ச் சேர விடிந்துவிடும். அதனால் ரயிலில் போகிறவர்கள் சாயங்கால மீனை நம்பிக் கிளம்புவது நல்லது. பொன்னேரியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் நாள் ராத்திரியே போய்ப் படுத்துவிடுங்கள்.

16. ஜூனில் காலை ஏழரைக்கு மேல் கரையோரத் தண்ணீர் சூடேறிவிடும். சூடான தண்ணீரில் பிராணவாயு தங்காது, மீன் சோர்ந்துபோய் ஆழத்துக்கோ நிழலுக்கோ ஒதுங்கும். விடியலுக்கு முன் ஒரு மணி நேரம், பின் ஒரு மணி நேரம், பிறகு பொழுது சாய்ந்து இருட்டுகிற வரை. நடுப்பகலில் வீட்டில் தூங்குங்கள்.

17. வேறு வழியில்லாமல் பகலில்தான் போக முடியும் என்றால் நிழலைத் தேடுங்கள். லைட் ஹவுஸ் குப்பம் போகிற பாலத்தின் தூண்கள், கட்டிப் போட்ட படகுகளின் அடி, இந்த இடங்களில் வெயில் பக்கம் வீசி நிழலுக்குள் இழுத்து வாருங்கள். வெளிச்சமும் நிழலும் சேர்கிற கோட்டில்தான் கொடுவா மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும்.

18. போனதும் முதல் வேலையாக முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று அங்கே டீக்கடையில் கேளுங்கள். கோடையில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்வது இந்த ஏரியின் பழைய வியாதி. அடைத்தால் கடல் தண்ணீர் உள்ளே வராது, வெயிலில் வற்றி ஏரி கடலைவிட உப்பாகிவிடும். கொடுவா நன்னீரிலும் இருக்கும், உப்பிலும் இருக்கும், ஆனால் அதன் இரை நகர்ந்துவிடும். திறந்திருந்தால் முகத்துவாரத்தை ஒட்டின ஓடைகள், அடைத்திருந்தால் ஆழம் மிச்சமிருக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதி நாள் மிச்சம்.

19. ஜூனில் மேல்காற்று விடாமல் அடித்தால் கடல் காற்று மத்தியானம் தாண்டித்தான் உள்ளே வரும். கடல் காற்று திரும்பின முதல் அரை மணி நேரத்தைத் தவற விடாதீர்கள். காற்று எந்தக் கரைக்கு அலை தள்ளுகிறதோ அந்தக் கரையில் குஞ்சு மீன் சேரும், பின்னாலேயே கொடுவா வரும். முகத்தில் காற்று அடிக்கிற பக்கம் வீசுவது கஷ்டம்தான், மீன் அங்கேதான்.

20. இது ரொம்ப முக்கியம். இந்த ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்பதை மீனவர் ஊர்கள் தலைமுறை தலைமுறையாக முறை வைத்துப் பிரித்துக் கொள்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய அரிசி. "அண்ணே, இங்க இன்னிக்கு யாரு பாடு? ஓரமா நின்னு தூண்டி போடலாமா?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். கேட்டவருக்கு யாரும் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. எங்கே மீன் புரள்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

21. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். அந்தப் பக்கம் போவதாக இருந்தால் வனத்துறையிடம் கேட்காமல் ராடை எடுக்காதீர்கள். நரம்புத் துண்டு ஒரு நாரையின் காலில் சிக்கினால் அதன் கதி அவ்வளவுதான், அதனால் அறுந்த நரம்பை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் அடைத்து வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

22. கரையிலிருந்தே மீன் கிடைக்கும், படகு வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். யாராவது கூப்பிட்டாலும், குழந்தைகளோடு போயிருக்கும்போது, உயிர்க்கவசம் இல்லாத படகில் கால் வைக்காதீர்கள்.

23. லூரின் நிறத்தை யோசித்து மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருந்தால் வெள்ளி, வெள்ளை; கலங்கலாக இருந்தால் தங்கநிறம்; இருட்டினால் கறுப்பு, கீழிருந்து பார்க்கிற மீனுக்கு வானத்து வெளிச்சத்தில் கறுப்புதான் உருவமாகத் தெரியும். நிறத்தை மாற்றுமுன் ஆழத்தை மாற்றிப் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை.

24. பாப்பர் விடியலுக்கு மட்டும். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருக்கும்போது ஒரு தட்டு தட்டி, எழுந்த வளையம் கரைகிற வரை காத்திருந்து, அப்புறம் அடுத்த தட்டு. "டப்" என்று சத்தம் கேட்டதும் ராடை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கனம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள்.

25. மிதக்கும் மின்னோவை அவசரமாக இழுப்பதுதான் பல பேர் செய்கிறது. இரண்டு முறை லேசாகச் சுண்டி, மூன்று எண்ணுகிற வரை நிறுத்துங்கள். கொடுவா அந்த நிறுத்தத்தில்தான் கவ்வும். சூடான தண்ணீரில் அது துரத்தாது, பக்கத்தில் நிற்பதைத்தான் எடுக்கும்.

26. வெயில் ஏறினதும் பாப்பரையும் மின்னோவையும் உள்ளே வைத்துவிட்டு மீன் வால் ரப்பரை எடுங்கள். அடியைத் தொட விட்டு, ராடை மெதுவாக உயர்த்தி, திரும்பக் கீழே விழ விடுங்கள். விழுகிற நேரத்தில் நரம்பு தொய்ந்தாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன்தான். அடியில் செத்தை அதிகமாக இருந்தால் முள் முனையை ரப்பருக்குள்ளேயே ஒளித்துக் குத்துங்கள், அமெரிக்காவில் பாஸ் பிடிக்கிறவர்கள் புல்லுக்குள் இப்படித்தான் போடுகிறார்கள்.

27. இறால் ரப்பருக்கு ஒரு துண்டு நிஜ இறாலின் தோலைத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். கரையில் வாங்குகிற கால் கிலோ இறாலில் தோல் லூருக்கு, சதை மத்தியானத் தொக்குக்கு.

28. கொடுவாவின் செவுள் மூடி பிளேடு. பின்னல் நரம்பின் முனையில் 30 அல்லது 40 பவுண்டு லீடர் இரண்டு முழம் இல்லாமல் வீசாதீர்கள், முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள். தூக்கும்போதும் செவுளுக்குள் விரல் விடக் கூடாது, கீழ்த்தாடையைத் துணியோடு பிடியுங்கள்.

29. லூர் கல்லில் மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்காதீர்கள். ஸ்கூட்டர் மெக்கானிக் தூக்கிப் போடுகிற பழைய ஸ்பார்க் பிளக்கில் ஒரு வளையம் மாட்டி, அந்த வளையத்தை உங்கள் நரம்பில் கோத்துச் சறுக்க விடுங்கள். கீழே போய் லூரின் மூக்கில் இடிக்கும், இரண்டு ஆட்டு ஆட்டினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

30. இருட்டினதும் டார்ச்சைத் தண்ணீர் மேல் ஒரே ஒரு தடவை சுற்றுங்கள். கொடுவாவின் கண் வெளிச்சத்தில் செக்கச்செவேலென்று மின்னும், எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருந்து வீசுங்கள்.

31. பெரிய மீன் மாட்டினால் திருப்பி விட்டுவிடுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். அதனால் பெரிய மீன் பெரும்பாலும் லட்சக்கணக்கில் முட்டையிடுகிற தாய்மீன். முகத்துவாரத்தில் போய் அது ஒரு தடவை முட்டையிட்டால் இந்த ஏரியை நம்பின எத்தனையோ வீட்டுக்குக் குஞ்சு வரும். வாணலிக்கு ஒன்றரைக் கிலோ மீனின் ருசியே தனி, சதையும் மெத்தென்று இருக்கும்.

32. விடப் போகிற மீனை வெயிலில் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். சூடான தண்ணீரில் சண்டை போட்டுக் களைத்த மீன் அது. நனைத்த கையால் தண்ணீரிலேயே பிடித்து முள்ளை எடுத்து, நீரோட்டத்துக்கு முகம் காட்டி, தானே உதறிக்கொண்டு போகிற வரை பிடித்திருங்கள்.

33. ஐஸ் கட்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம். முதல் நாளே பழைய தண்ணீர் பாட்டில்களை முக்கால் பாகம் நிரப்பி ஃப்ரீசரில் வைத்து, தெர்மோகோல் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோங்கள். மீனும் கெடாது, உருகுகிற தண்ணீர் குடிக்க ஆகும், ஒரு பாட்டிலில் நீர்மோரை உறைய வைத்தால் பத்து மணிக்கு அமிர்தம்.

34. வீட்டுக்கு எடுத்துப் போகிற மீனைப் பிடித்த உடனே செவுளை அறுத்து ரத்தம் வடிய விடுங்கள். சதை வெள்ளை வெளேரென்று இருக்கும், கவிச்சை பாதியாகக் குறையும், புளி குறைவாக ஊற்றினால் போதும்.

35. ஜூனில் மாங்காய் மலிவு. கொடுவாக் குழம்புக்குப் புளியைப் பாதியாகக் குறைத்து, புளிப்பு மாங்காய்த் துண்டைக் கடைசியில் போட்டு மூடி இறக்குங்கள். தலையைத் தனியாக எடுத்து வைத்து மறுநாள் குழம்பு வையுங்கள். கொடுவாவில் சின்ன முள் தொல்லை கிடையாது, பிள்ளைகளுக்கு நடுத்துண்டை தைரியமாகக் கொடுக்கலாம்.

36. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அதனால் கடையில் மீன் விலை ஏறிக் கிடக்கும். தூண்டிலில் ஒன்றும் விழாவிட்டால் அந்த நாட்களில் வளர்ப்புக் கொடுவாவைக் கேட்டு வாங்குங்கள். சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் இது பண்ணைக்கு வந்தது.

37. கரையை விட்டுக் கிளம்புமுன் லூர்களை நல்ல தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி எடுங்கள். ரீலின் டிராகை இறுக்கிவிட்டு, குழாயை மெல்லிசாகத் திறந்து மேலே தண்ணீர் வழிய விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்ததும் கைப்பிடி மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு, பிறகு டிராகைத் தளர்த்தி வையுங்கள்.

38. புது ஷூ டப்பாவில் வருகிற சின்னச் சின்ன ஈரம் உறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து முள் டப்பாவில் போடுங்கள். ஜூலையில் தில்லியில் மழை பிடித்த பிறகுதான் முள் துருப்பிடிக்கும். மாதம் ஒரு தடவை பொட்டலங்களை வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடலாம்.

39. புசா ரோட்டுக்குத் திரும்பின பிறகு கொடுவா ஆசை வந்தால் சித்தரஞ்சன் பார்க் வங்காளிக் கடைகளில் பேட்கி என்று கேளுங்கள், அதே மீன்தான். கண் பளிச்சென்றும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பார்த்து, முழு மீனாக வாங்கி அங்கேயே வெட்டச் சொல்லுங்கள். தலையையும் நடு எலும்பையும் விடாமல் கேட்டு வாங்கி வந்தால் மறுநாள் ரசத்துக்கு ஆகும்.